பதினான்கு அடி

மூன்று நாளாக அந்தத் தாள் சாப்பாட்டு மேஜையில்தான் கிடந்தது. அதன்மேல் உப்பு ஜாடியை வைத்தார்கள். மின்சார பில்லை வைத்தார்கள். ஒரு நாள் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தையே வைத்தார்கள். கையெழுத்தை மட்டும் யாரும் வைக்கவில்லை.

நானூறு கிலோமீட்டர், இருபத்தெட்டு நாள், மலைமேல் இருக்கும் தலத்துக்குக் கால்நடையாகப் போகிறேன் என்று போன வாரம் அக்கா சொன்னதிலிருந்தே வீடு இப்படித்தான் இருந்தது. அதுவும் பனிக்காலத்தில். வழியில் பாதி சத்திரங்கள் பூட்டிக் கிடக்கும் நேரத்தில்.

"கால்நடையா போறதுக்கு நீ என்ன கால்நடையா?" என்று தம்பி கேட்டிருந்தான். "மாடுகூட இந்தக் குளிர்ல கொட்டகையை விட்டு வெளிய வராது."

அக்கா பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிறாள். விடிகாலையில் வேலைக்குப் போய் மதியம் திரும்பினால், மிச்ச நேரமெல்லாம் அப்பாவுக்கு. மூன்று வருஷத்துக்கு முன் அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து, அக்கா அவர் அறையிலேயே ஒரு சின்னக் கட்டிலைப் போட்டுக்கொண்டு படுக்கிறாள். எலும்பு எப்போதோ கூடிவிட்டது. நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அப்பாதான் நடக்கவில்லை. காலைக் கீழே வைத்தால் உயிர் போகிறது என்பார். அவருக்காக வாங்கிய வாக்கர், அறை மூலையில் நின்றபடி துண்டு காயப்போட உதவிக்கொண்டிருந்தது.

பனிக்காலத்தில் அந்த வழியில் நடப்பவர்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, முன்கூட்டியே ஒரு நாள் தன் பையைத் தானே சுமந்து இருபது கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும். பை எட்டுக் கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு, வீட்டார் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும்.

கையெழுத்து வைக்கவே மாட்டேன் என்று தம்பி ஒற்றைக் காலில் நின்றான். நடந்து காட்டும் நாள் இன்றைக்கு.

ஐந்தரை மணிக்கு, இன்னும் இருட்டாக இருக்கும்போதே, அக்கா வாசலில் ஆணியில் மாட்டியிருந்த பையைக் கழற்றினாள். கழற்றிய கை அப்படியே நின்றது.

சலவைக்கூடத்தில் மூட்டை கட்டும்போது யாரும் தராசைப் பார்ப்பதில்லை. இருபது விரிப்பு கட்டிய மூட்டையா, இருபத்தொன்றா என்பது அக்காவுக்குத் தூக்கும்போதே தெரியும். நேற்று அவள் பார்த்துப் பார்த்து அடுக்கிய பை ஏழு கிலோ அறுநூறு. இது அதுவல்ல. இரண்டு கிலோ கூடியிருந்தது.

யார் வேலை என்று யோசிக்கவே தேவையில்லை என்று நினைத்தாள். லாரிகளை ஏற்றி நிறுக்கும் எடை மேடையில் தம்பிக்கு வேலை. ஒரு லாரியில் எத்தனை மூட்டை கூடினால் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

பையைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்து, அவன் அறை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கை கொக்கிவரை போனது. பிறகு இறங்கியது.

இருக்கட்டும். போட்டவன் போட்டபடியே இருக்கட்டும். இதோடவே நடந்து காட்டுறேன்.

பையை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கொஞ்சம் சத்தமாகவே சாத்தினாள்.

*

வீட்டில் அன்றைக்குத் தம்பி லீவு. அக்கா ஒரு நாள் இல்லாவிட்டால் குடியா மூழ்கிவிடும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டிருந்தான். அதையே பிடித்துக்கொண்டு அவன் மனைவி, அப்படியானால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டாள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவள் அவள்.

எட்டு மணிக்குள் அப்பா ஒன்பது முறை கூப்பிட்டுவிட்டார். தண்ணீர் சூடாக இருக்கிறது. தண்ணீர் ஆறிவிட்டது. தலையணை உயரம். தலையணை பள்ளம். ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது.

காற்று வந்ததென்னவோ உண்மை. சமையலறை ஜன்னலின் தாழ்ப்பாள் போன வருஷமே உடைந்துவிட்டது. அங்கே புகும் காற்று நேராக வந்து அப்பாவின் அறைக் கதவைத்தான் அறையும். அதற்குத்தான் கதவடியில் பகல் முழுக்க ஒரு இரும்பு எடைக்கல் கிடக்கும். அப்பாவும் அதே எடை மேடையில் வேலை பார்த்தவர்தான். ஓய்வு பெற்ற நாளில், கழித்துக்கட்டிய எடைக்கற்களில் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஐந்து கிலோ கல் தெருக்கதவுக்கு. இரண்டு கிலோ கல் இந்தக் கதவுக்கு.

இன்று அந்த இரண்டு கிலோ கல்லைக் காணோம்.

கதவு படாரென்று அடித்தது. தம்பி செருப்பை முட்டுக்கொடுத்தான். செருப்பைத் தள்ளிக்கொண்டு மறுபடி அடித்தது. பழைய பேப்பரை மடித்துச் செருகினான். நாற்காலியைப் போட்டான். நாற்காலி இருந்தால் உள்ளே போக வழியில்லை. எடுத்தால் படார். ஒவ்வொரு படாருக்கும் அப்பா "ஐயோ" என்றார்.

"அப்பா, இங்க இருந்த கல்லு எங்க?"

"கல்லா? எந்தக் கல்லு?"

"கதவுக்கு வைக்கிற கல்லு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு, தனக்குக் கட்டிலையும் கூரையையும் தவிர வேறொன்றும் தெரியாது என்றார்.

மனைவிக்கு போன் போட்டான். கவுண்டர் முன்னால் வரிசை தெருவரை நிற்கிறது, இந்த நேரத்தில் எடைக்கல்லைத் தேடச் சொல்கிறீர்களே என்று அவள் கேட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அண்ணியிடமிருந்து ஏதாவது தகவல் வந்ததா, பாதி தூரம் தாண்டியிருப்பார்களா என்று விசாரித்தாள்.

தாண்டியிருக்க மாட்டாள், பதினோரு மணிக்கெல்லாம் பஸ் பிடித்துத் திரும்பிவிடுவாள் என்றான் தம்பி. சொல்லும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் தோற்க வேண்டும் என்பதைவிட, பதினோரு மணிக்கே வந்துவிட்டால் தேவலை என்றுதான் அவனுக்கு இருந்தது.

மதியத்துக்குள் இருபத்தாறு முறை கூப்பிட்டிருந்தார் அப்பா. தம்பி எண்ணிவிட்டான். எடை மேடைக்காரன், எண்ணாமல் இருக்கத் தெரியாது.

*

பதினோரு மணிக்கு அக்கா பதிமூன்றாவது கிலோமீட்டர் கல்லில் உட்கார்ந்து காலுறையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்கு ரயில்வே கேட் காவலர் அவளுடைய நடை அட்டையில் முதல் முத்திரையைக் குத்தியிருந்தார். இரண்டு மணிக்குள், இருபதாவது கிலோமீட்டரில் இருக்கும் யாத்திரைப் பதிவு அலுவலகத்தில் அடுத்த முத்திரை விழ வேண்டும். வாய்க்கால் கரையில் புல்லெல்லாம் உறைபனி. மூச்சு விட்டால் எதிரே வெள்ளையாக நின்றது. மாவு மில் தாண்டியதும் இடது தோளில் பட்டை அறுக்க ஆரம்பித்தது. அந்த இரண்டு கிலோ எங்கே இருக்கிறதென்று முதுகுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அடியில், கொஞ்சம் இடப்பக்கமாக.

ஒவ்வொரு முறை அது இடித்தபோதும் தம்பியைத் திட்டினாள். சின்ன வயசில் ஸ்கூல் பையையும் தன் தலையில் கட்டிவிட்டுக் கை வீசி நடந்தவன்தானே என்று நினைத்துக்கொண்டாள். திட்டத் திட்டக் கால் தானாக நகர்ந்தது.

இருபத்தாறு வருஷம் ஒரே இடத்தில் நின்று தேய்த்த கால்கள். நிற்கத் தெரிந்த காலுக்கு நடக்கத் தெரியுமா என்று சலவைக்கூடத்தில் ஒருத்தி கேட்டிருந்தாள். பதினேழாவது கிலோமீட்டரில் பாதத்தில் கொப்புளம் உடைந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கேள்விக்கும் சேர்த்து நடந்தாள்.

ஒன்று நாற்பதுக்குப் பதிவு அலுவலகத்தின் படியேறினாள்.

கழுத்தில் மஃப்ளர் சுற்றிய குமாஸ்தா, அவளைப் பார்க்காமல் பையை வாங்கித் தராசில் மாட்டினார். முள் ஒன்பது கிலோ அறுநூறில் நின்றது. பை கூடுதல், பனிக்காலத்துக்கு அனுமதி இல்லை, கோடையில் வந்து பாருங்கள் என்று மனப்பாடமாகச் சொன்னார்.

"கொஞ்சம் இருங்க. அதுல என் சாமான் இல்லாத ஒண்ணு இருக்கு."

மூன்று கொக்கிகளையும் கழற்றி, கம்பளிச் சட்டைகளுக்குக் கீழே கை விட்டு அதை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். துணி சுற்றிய உருண்டை. மேஜை அதிர்ந்தது. துணியை விலக்கினால், அறைக் கதவின் பச்சைப் பெயிண்ட் ஒட்டிய இரும்பு. நெற்றியில் பொறித்த '2'.

குமாஸ்தா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"யாத்திரைக்கு என்னென்னவோ சுமந்துட்டு வருவாங்க. பாவ மூட்டைன்னுகூடச் சொல்லுவாங்க. எடைக்கல்லை இப்பதான் பாக்குறேன்."

அக்கா கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு கைக்குட்டை. நான்காக மடித்து, ஓரம் ஓரத்தோடு பொருந்தத் தேய்த்தது. தேய்த்தது அவள்தான். அந்த வீட்டில் இன்னும் கைக்குட்டை வைத்துக்கொள்கிற ஒரே ஆளுக்காக.

தம்பி இல்லை. அப்பா.

பெஞ்சில் உட்கார்ந்து அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். குளிரில் வந்தவர்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும் என்று குமாஸ்தா வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கல் இல்லாத பை ஏழு கிலோ அறுநூறு. முத்திரை விழுந்தது. பதிவேட்டில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. 'யாருக்காக?' என்று கேட்டது. அக்கா 'எனக்காக' என்று எழுதினாள். வழக்கமாக இதில் கணவர், பிள்ளைகள், நோயாளிகள் என்று எழுதுவார்கள் என்றார் குமாஸ்தா.

"எழுதட்டும்," என்றாள் அக்கா.

வீட்டார் கையெழுத்து போட்ட தாள் திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் முத்திரை செல்லாது என்று அவர் நினைவூட்டினார். அக்கா தலையாட்டிவிட்டு, எடைக்கல்லை மறுபடியும் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

*

பஸ் ஏறி வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. தம்பி மனைவியும் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். கதவு படாரென்று அடித்தது. உள்ளே அப்பா "ஐயோ" என்றார். தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். ஒரே நாளில் ஒரு சுற்று இளைத்தவன்போல இருந்தான்.

அக்கா பையை இறக்கி, கல்லை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதைத்தானே நாள் பூரா தேடிட்டு இருந்தேன். எங்க கிடைச்சுது?"

"என் முதுகுல."

தம்பி மனைவியைப் பார்த்தான். மனைவி அவனைப் பார்த்தாள். இரண்டு பேர் பார்வையிலும் ஒரே குற்றச்சாட்டு.

"ரெண்டு பேரும் முறைச்சுக்க வேண்டாம். நானும் உன்னைத்தான் நினைச்சேன். பதினாறு கிலோமீட்டர் வரைக்கும் விடாம திட்டிட்டே நடந்தேன்டா. மனசுல வச்சுக்காத."

"பதினாறுக்கு அப்புறம்?"

"மூச்சு வாங்கிச்சு."

அக்கா கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். தம்பிக்கு உடனே விளங்கவில்லை. அவன் மனைவிக்கு விளங்கியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா நொண்டியபடி போய் அறைக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறவர் அவ்வளவு இறுக்கமாகக் கண்ணை மூட மாட்டார்.

"நேத்து சாயங்காலம் நான் மாடியில துணி எடுக்கப் போயிருந்தேன்," என்றாள் அக்கா. தம்பிக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் கடைக்குப் போயிருந்தீங்க. வீட்டுல இருந்தது அப்பா மட்டும்தான். இந்தக் கல்லு தரையில கிடந்துச்சு. எடுக்கணும்னா குனியணும். குனிஞ்சு, எடுத்து, கைக்குட்டையில சுத்தி, வாசல் வரைக்கும் போய், ஆணியில மாட்டின பையில மூணு கொக்கியைக் கழட்டி, அடியில வச்சு, மூணு கொக்கியையும் திரும்ப மாட்டி, கட்டிலுக்கு வந்து படுத்திருக்கணும்."

அக்கா கதவைப் பிடித்தபடியே தொடர்ந்தாள்.

"நடக்கப் பயிற்சி சொல்லிக் குடுக்க வந்த பொண்ணு என்ன சொன்னா? கட்டில்ல இருந்து வாசலுக்குப் பதினாலு அடி, அதை மட்டும் இவர் நடந்துட்டா போதும், அப்புறம் யார் உதவியும் வேண்டாம்னா. மூணு வருஷமா அந்தப் பதினாலு அடிதானே நடக்க முடியல?"

முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள்ளிருந்து வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது. தம்பி மெல்ல எழுந்து வந்தான்.

"அப்போ அப்பா நடந்தாரா?"

"வெறுமனே நடக்கல. ரெண்டு கிலோ சுமையோட நடந்தார்."

அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அஞ்சு கிலோ கல்லைத்தான் போடலாம்னு பாத்தேன்," என்றார். "தூக்க முடியல."

முதலில் சிரித்தது தம்பி மனைவி. தம்பியால் அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் தன் பங்குச் சிரிப்பைப் பதிவு அலுவலகத்திலேயே முடித்துவிட்டாள்.

அப்பா இரண்டாவது கண்ணையும் திறந்தார். அதில் விளையாட்டு இல்லை.

"நீ போயிட்டா நான் யாரைம்மா கூப்பிடுவேன்?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போதே அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். சின்னக் கட்டிலில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். தம்பி அந்த நேரம் பார்த்து, கோடையில் போயேன் அக்கா, நானே கையெழுத்து வைக்கிறேன் என்றான்.

அக்கா அப்பாவின் கையை விடாமலே அவன் பக்கம் திரும்பினாள்.

"கோடையில போறேன்னேன். குடும்பத்தோட ஊருக்குப் போறோம், வீட்டைப் பாத்துக்கன்னே. மழைக்காலத்துல போறேன்னேன். அப்பாவுக்கு மூச்சு இழுக்கும்னே. மழை விட்டதும் போறேன்னேன். உனக்கு வேலை ஜாஸ்தின்னே. ஒன்பது வருஷமா எல்லாப் பருவத்தையும் நீங்க எடுத்துக்கிட்டீங்கடா. சலவைக்கூடத்துல பாய்லர் பழுது பாக்க வேலையை நிறுத்தி வைக்கிற இந்த நாலு வாரம் மட்டும்தான் எனக்குன்னு மிச்சம். குளிரா இருந்தாலும் அது என்னோடது."

குரலை அவள் உயர்த்தவே இல்லை. தம்பி தரையைப் பார்த்தான்.

அக்கா எழுந்தாள். மூலையில் இருந்த வாக்கரிலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தாள். வாக்கரைத் தூக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில், அப்பாவின் கைக்கு எட்டும்படி நிறுத்தினாள்.

பிறகு மேஜைக்குப் போய் எடைக்கல்லை எடுத்து வந்து கதவைச் சுவரோடு சுவராகத் தள்ளி, கீழே வைத்தாள். இராத்திரியானால் தம்பியும் மனைவியும் சாத்திவிடும் கதவு அது. டிவி சத்தம் அப்பாவுக்கு ஆகாது என்பார்கள். அப்பாவின் சத்தம்தான் தங்களுக்கு ஆகாது என்பதை யாரும் சொன்னதில்லை.

"இனிமே ராத்திரியும் கதவு திறந்தே இருக்கும். நீங்க கூப்பிட்டா இவனுக்குக் கேக்கும். இன்னைக்கு எத்தனை தடவைடா கூப்பிட்டார்?"

"நாப்பத்தொண்ணு."

"எல்லாத்துக்கும் போனியா?"

"போனேன்."

"அவ்வளவுதான் வேலை," என்றாள் அக்கா. பிறகு அப்பாவிடம் சொன்னாள்: "தாள் மேஜையில இருக்கு. பேனாவும் இருக்கு. இவன் கையெழுத்து எனக்கு வேண்டாம். நீங்கதான் வைக்கணும். இங்க எடுத்துட்டு வந்து நீட்ட மாட்டேன். மேஜை வாசலைவிடக் கிட்டதான், பத்தடி."

அப்பா வாய் திறக்குமுன் சமையலறைக்குப் போய்விட்டாள்.

தம்பி மனைவி ஏற்கெனவே அகலப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி வைத்திருந்தாள். அக்கா காலை விட்டாள். எரிந்தது. தம்பி சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, தாளை எடுத்துக் கிழித்துவிடலாமா, அப்பாவைத் தாங்கப் போகலாமா என்று இரண்டு மனமாக இருந்தான். அக்கா ஒரு விரலைக் காட்டினாள். அசையாதே என்று.

கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம் சத்தமில்லை. அப்புறம், டக்.

வாக்கரின் கால்கள் தரையில் ஊன்றும் சத்தம். டக். நீண்ட மூச்சு. டக்.

மூன்று, நான்கு என்று தம்பி உதட்டுக்குள் எண்ணினான். ஐந்தாவது டக் கதவைத் தாண்டியது. ஆறு. ஏழு.

தம்பி மனைவி தரையில் உட்கார்ந்து, அக்காவின் பூட்ஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் அளவைத் தன் பாதத்தோடு வைத்துப் பார்த்தாள்.

எட்டு.

"அண்ணி," என்றாள் அவள், பூட்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "பன்னெண்டு வருஷமா ஊர் ஊரா டிக்கெட் கிழிச்சுக் குடுக்குறேன். எனக்குன்னு நான் ஒரு பஸ்ல ஏறினதில்ல. அந்தத் தாள், அந்த ஆபீஸ்ல இன்னொண்ணு கேட்டா குடுப்பாங்களா?"

தம்பி எண்ணுவதை நிறுத்தினான்.

கூடத்தில் அப்பாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், ஒன்பதாவது டக் கேட்கவில்லை.